பதிவேட்டில் போட்ட சிவப்புக் கோடுகள்

தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்தாறு வருடமாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் என் பெரிய தப்பு எது என்று கேட்டால், முருகையா அண்ணாச்சியின் பெயரைத்தான் சொல்வேன்.

கொரோனா இரண்டாவது அலை அடங்கியிருந்த நேரம். அண்ணாச்சி இலஞ்சியில் தென்னை ஏறுகிறவர், ஒரு நாளைக்கு நாற்பது மரம். காய்ச்சல் வந்தது மூன்று நாள்தான். ஆஸ்பத்திரியில் படுக்கவே இல்லை. இரண்டு மாதம் கழித்தும் உடம்பு அசதியாக இருக்கிறது என்று வந்தார். என் கவனமெல்லாம் ஆக்சிஜனில் கிடந்து மீண்டவர்கள் மேல். மரம் ஏறி இறுகிய இந்த உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

சிக்ஸ் மினிட் வாக் வைத்தேன். வராந்தாவின் இரண்டு முனையிலும் கோன் வைத்து, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்ப்பது. விறுவிறுவென்று நடந்தார். மூச்சு வாங்கவில்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவும் குறையவில்லை.

“இம்புட்டுதானா டாக்டரம்மா?” என்றார். நான் டாக்டர் இல்லை என்று சொன்னால் கேட்கவா போகிறார்.

நடை, ஸ்குவாட், படியேற்றம் என்று சார்ட் எழுதி, வாரத்துக்கு வாரம் கூட்டினேன். வந்த நாளில் பிரமாதமாகச் செய்தார். ஆனால் பாதி நாள் வரமாட்டார். பதிவேட்டில் சிவப்புக் கோடு போடுவேன். வரும்போது பிடித்து ஏசுவேன்.

“இப்படி மட்டம் போட்டா எப்படி அண்ணாச்சி? மரம் ஏறணுமா வேண்டாமா?”

“ஏறணும். ஆவணி முடிய பாப்பேன்னு தோப்புக்காரர் சொல்லியிருக்காரு. அதுக்குப் பொறவு வேற ஆளாம்.”

அன்றைக்கு எல்லாவற்றிலும் ஒரு செட் கூடுதலாகச் செய்ய வைத்தேன்.

நான்கு நாள் ஆளைக் காணோம். ஐந்தாம் நாள் அவர் மனைவி இசக்கியம்மாள் தனியாக வந்தார்.

“இங்கன வந்து செஞ்சிட்டுப் போனா ரெண்டு நாளு பாயை விட்டு எந்திக்க மாட்டுக்காவ. சோத்தைப் பிசையக் கை வர மாட்டுக்கு. தெளிஞ்சதும் உங்ககிட்ட ஓடியாராவ. நேத்து மரத்துல ஏறிப் பாத்துட்டாவ. சாரல்ல நனைஞ்ச மரம். பாதியில கை நடுங்கிப் போச்சு. கட்டிப் பிடிச்சிட்டு நின்னவங்கள, இன்னொருத்தர் ஏறிக் கயிறு கட்டி இறக்குனாரு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“ஏன் வரலன்னு நீங்க ஒரு நாளும் கேக்கலயே. ஏசத்தான செஞ்சீங்க.”

அவர் போனதும் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நான் கூட்டிக் கொடுத்த ஒவ்வொரு நாளுக்கும் அடுத்துக் குறைந்தது இரண்டு சிவப்புக் கோடு. அண்ணாச்சியின் நோயைத்தான் நான் வரிசையாகக் கோடு போட்டு வைத்திருந்தேன். நான் பார்த்ததெல்லாம் அவருடைய நல்ல நாட்களை மட்டும். எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டரிடம் காட்டி இதயமும் நுரையீரலும் பார்த்தோம். கோளாறு இல்லை. கொரோனாவுக்குப் பிறகு சிலருக்குத் தங்கிவிடுகிற அசதி இது, உடம்பை வருத்தினால் மறுநாள் கூடிவிடும் என்றார் டாக்டர். சார்ட்டைக் கிழித்துவிட்டு, முன்பு கொடுத்ததில் கால்வாசியில் ஆரம்பித்தேன். அசதி வருவதற்கு முன்பே நிறுத்த வேண்டும், மறுநாள் நன்றாக இருந்தால்தான் கூட்ட வேண்டும், முடியாவிட்டால் ஃபோன் பண்ண வேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். ஒரு வாரம் கழித்து ஃபோன் வந்தது. “டாக்டரம்மா, இன்னைக்கு முடியல.” அந்த ஃபோன் வந்ததில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஆவணி முடிந்தது. தோப்பு வேறு ஆளுக்குப் போயிற்று. அதைத் தடுக்க என்னால் முடியவில்லை.

இப்போது நான் சிவப்புக் கோடு போடுவதில்லை. வராதவருக்கு அன்றைக்கே ஃபோன் போடுகிறேன். வந்தவரிடம், போன தடவை செய்த பிறகு மறுநாள் எப்படி இருந்தது என்றுதான் முதலில் கேட்கிறேன். லேசாக வந்துபோன காய்ச்சல்தானே என்று யாரையும் நினைப்பதில்லை.

அண்ணாச்சிக்கு வேறு ஒரு சின்னத் தோப்பு கிடைத்திருக்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். பன்னிரண்டு மரம் முடித்து இறங்கி, காலில் மாட்டிய தளையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவ்வளவுதானா என்று கேட்டேன்.

“இன்னும் ஒண்ணு ஏறலாம் டாக்டரம்மா. ஆனா நாளைக்கு எந்திக்கணும்லா.”