நிமிர்த்திப் பால் புகட்டியவர்

திருவிதாங்கூர்-கொச்சிக் காலத்தில் என் மூத்த மகள் மேலண்ணம் பிளந்து பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பால் புகட்டிய நர்சம்மா நெட்டையானவர், முன்பல் சற்று எடுப்பு. குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, மூக்குவைத்த பாலாடையால் சொட்டுச் சொட்டாக விடுவார். அவள் விழுங்கும்போதெல்லாம் தானும் எச்சில் விழுங்குவார்.

காலில் கிடத்திப் புகட்டுவதுதானே நம் வழக்கம் என்றேன்.

“நீங்க கிடந்துகிட்டா சாரே காப்பி குடிப்பிய?” என்று சிரித்தார். “இவளுக்கு மூச்சுக்குழலுக்குப் போயிரும். இன்னும் ஒரு மாசம் இங்கயே இருக்கட்டு.”

நான் கேட்கவில்லை. இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்ட வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். சடங்கு முடிந்ததும் குழந்தை பசியில் வீறிட்டது. அழுதால் பிளந்த வாய் பந்தலில் எல்லோருக்கும் தெரியுமே என்று, நானே அவசரமாகக் காலில் கிடத்திப் புகட்டினேன். புரையேறியது. அன்றே போய்விட்டாள்.

மறுவாரம் நர்சம்மாவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன்.

“கொஞ்சமாவது வயித்துக்குள்ள இறங்கிச்சா?” என்று மட்டும் கேட்டார்.

இறங்கியது என்றேன். பொய்தான். என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு அடுத்த குழந்தையைத் தூக்கினார். நம்பினாரா, எனக்காக நம்பியதுபோல் காட்டினாரா என்பது இன்றுவரை தெரியவில்லை.