பெமிலாவின் கிரவுன் ஆயில்

வேனுக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் செங்கல்லில் சாய்த்து வைத்த கைபேசியில் கணவர் தேவகுமாரின் முகம். அவருக்குக் குவைத்தில், ஒரு பலசரக்குக் கிடங்கில் வேலை.

"ஏட்டி, பைய... மூஞ்சியில ஒழுகப் போவுது."

"நீங்க அங்க அரிசி மூட்டைய எண்ணுங்க. இது எனக்க வேலை."

பெமிலாவுக்கு நாற்பத்து நான்கு வயது. இரணியலில் வீடு. ஆறு ஆண்டுகளாகத் தன் பழைய ஆம்னி வேனில் ஐந்து ஆசிரியைகளைத் திருவட்டாறு தாண்டி, ரப்பர் தோட்டத்து ஏற்றத்தின் மேலே இருக்கும் பள்ளிக்கு அழைத்துப் போய் வருகிறார். ஒரு நாள் தவறியதில்லை; காய்ச்சலோடும் ஓட்டியிருக்கிறார். யாரிடமும் முடியாது என்று சொல்ல அவருக்கு வராது. எது கேட்டாலும், "செரி, போலாம்"தான்.

வண்டியின் பின் அச்சு நடுவே உருண்டையாகத் தொங்கும் பல்சக்கரப் பெட்டிக்கு ஊற்றுவது கிரவுன் ஆயில். ஒருமுறை ஒரு பட்டறையில் மாற்றியாயிற்று என்றார்கள். வீட்டில் திறந்து பார்த்தால் உள்ளே தார் போலக் கறுப்பு. அன்றிலிருந்து இவரே இறங்கிவிட்டார். முதல் தடவை கீழ்த் திருகைக் கழற்றி முழுவதையும் வடித்த பிறகுதான் தெரிந்தது, மேலே ஊற்றுகிற திருகு துருப்பிடித்து அசைய மறுக்கிறது என்று. கிறிஸ்துமஸ் விடுமுறை மொத்தமும் வேன் முற்றத்தில் நின்றது. இப்போது கேட்பவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்வார்: "ஊத்துத நட்ட முதல்ல இளக்கணும், கேட்டியளா? அது இளகலன்னா கீழ தொடப்பிடாது."

சூடாக இருந்தால்தான் எண்ணெய் நன்றாக வடியும். அதற்காகத் திங்கள்நகர் வரை ஓட்டிப் போய்ச் சாளை வாங்கி வருவார். மீன் ஃபிரிட்ஜுக்குள் போகும். நைட்டிக்கு மேல் கணவரின் சட்டையை மாட்டிக்கொண்டு இவர் வேனுக்கு அடியில் போவார். கெட்ட முட்டை போல நாற்றம் கிளம்பும். மதிலுக்கு அப்பால் குடியிருக்கும் நூர்ஜஹான் பேகம் சன்னலைச் சாத்துவார். பெமிலாவோ, "எனக்கு இந்த மணம் இஷ்டமாக்கும்" என்பார்.

அவரைப் பார்க்க நான் போயிருந்த அந்தச் சனிக்கிழமை, வடிந்த எண்ணெயில் வழக்கம்போல ஒரு காந்தத்தை விட்டுத் துழாவினார். எப்போதும் சாம்பல் நிறத் தூள்தான் ஒட்டும். அன்று கடலைப்பருப்பு அளவில் ஓர் இரும்புத் துண்டு வந்தது. துடைத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"பல்லு ஒண்ணு ஒடஞ்சிருக்கு."

"சின்னதுதான? புது ஆயில ஊத்தி மூடு. ஒரு வாரம் ஓடும்" என்றார் தேவகுமார்.

பெமிலா அந்த அழைப்பைத் துண்டித்தார். ஜீப் ஓட்டும் டெனிஷிடம் பேசிவிட்டு, வேனில் பள்ளிக்கு வரும் ஜெஸ்மி டீச்சரை அழைத்தார்.

"டீச்சரே, திங்கக்கிழம எனக்க வண்டி வராது. டெனிஷுக்க ஜீப்பு வரும்."

"ஐயோ அக்கா, அன்னைக்குப் பரிச்சையாக்கும்! அவன் நேரத்துக்கு வரமாட்டான். நீங்க பைய ஓட்டுனா போதும்."

"அந்த எறக்கத்துல பல்லு சிக்கி சக்கரம் பூட்டிச்சுன்னா, ரப்பர் பால் வெட்ட வாறவனாக்கும் நம்மள பொறுக்கணும்."

சிரித்தபடிதான் சொன்னார். சற்று நேரத்தில், அதே வேனில் வரும் பிரீனா டீச்சர் அழைத்தார். அவரிடமும் முடியாது என்றார். இம்முறை சிரிப்பு இல்லை. மறுபடி ஜெஸ்மி. பிள்ளைகள் கேள்வித்தாளுக்குக் காத்திருப்பார்கள் என்று அவர் கெஞ்சுவது எனக்கே கேட்டது.

"செரி டீச்சரே... ஒரு நாள்தான... ஆயில ஊத்தீட்டுப் பைய போனா..."

தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுத் திடுக்கிட்டவர்போல நிறுத்தினார். "இல்ல. வராது" என்று சொல்லிக் கைபேசியை அணைத்தார். வீட்டுக்குள் போய் வண்டிச் சாவியை எடுத்துவந்து, மதிலோரம் நின்று நூர்ஜஹான் பேகத்தைக் கூப்பிட்டார்.

"அக்கா, இது உங்க கையில இருக்கட்டு. செவ்வாக்கெழம மெக்கானிக் வருவாரு. அதுக்கு முன்ன யாரு கேட்டாலும் குடுத்திராதிய."

"நீ கேட்டாலுமா?"

"நான் கேட்டாத்தான் குடுக்கப்பிடாது."

சாவி மதிலைத் தாண்டியது. நூர்ஜஹான் பேகம் இரண்டு முறை இழுத்த பிறகுதான் பெமிலாவின் எண்ணெய் விரல்கள் அதை விட்டன.