இரண்டாம் முறை அளந்த கை

ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீ சிட்டியில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலையில் என் வலது கை மெஷினில் சிக்கியது. நசுங்கிய மூன்று விரல்களையும் தைத்துக் காப்பாற்றினார்கள். காயம் ஆறியதும் மெடிக்கல் போர்டு பார்த்து, நிரந்தர ஊனம் கொஞ்சம்தான் என்று எழுதியது. அதற்கேற்ற சின்ன உதவித்தொகைதான் கிடைத்தது. அப்போது விரல்கள் பாதியாவது மடங்கின. பிறகு மாதத்துக்கு மாதம் விறைத்துக்கொண்டே போய், கடைசியில் அசையாமல் நின்றுவிட்டன. மறுபடி பரிசோதிக்கக் கேட்டு மனு போட்டோம். திருப்பதி ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள்.

எங்கள் ஊரான நகரியிலிருந்து காலை பஸ்ஸில் என் வீட்டுக்காரரும் கூட வந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார்.

டாக்டரம்மா என்னைவிட இளையவர், தெலுங்கில் பேசினார். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்து அளந்தார். பிடியின் பலத்தைக் காட்டும் ஒரு கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். முள் அசையவில்லை.

“வீட்டில் என்னென்ன செய்ய முடியவில்லை?” என்று கேட்டார்.

முன்பின் தெரியாதவரிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்வது? சமாளித்துக்கொள்கிறேன் என்றேன்.

பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். “தலை பின்ன முடியாது மேடம். நான்தான் பின்னிவிடுகிறேன்,” என்றார் தெலுங்கில்.

அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் செய்துவந்த காரியம் அது. டாக்டரம்மா எழுந்து வந்து என் பின்னலைப் பார்த்தார். நன்றாகத்தான் பின்னியிருக்கிறார் என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் தரையைப் பார்த்தபடி மீதியையும் சொன்னார். புடவைக் கொசுவம், அரிசி களைவது, ஜாக்கெட் கொக்கி.

“இனி இது சரியாகாதம்மா. அப்படித்தான் எழுதப்போகிறேன்,” என்றார் டாக்டரம்மா.

அந்த எழுத்துக்காகத்தான் வந்திருந்தோம். ஆனாலும் வராந்தாவுக்கு வந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“நாம கேட்டதத்தான எழுதறாங்க. ஏன் அழுதுகினு கீற?”

“எப்பனா ஒருநாள் சரியாயிடும்னு நெனச்சிக்கினு இருந்தேங்க.”

“நானுந்தான்,” என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு அவரே, “வா, எதனா துன்னுட்டுப் போலாம்,” என்று எழுந்தார்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஓர் ஓட்டலில் பொங்கல் சொன்னார். கை போன பிறகு நான் வெளியில் சாப்பிட்டதே இல்லை. நாலு பேர் முன்னால் இடது கையால் சாப்பிடக் கூச்சம். அவர் சர்வரைக் கூப்பிட்டு, இரண்டு பேருக்கும் ஸ்பூன் கேட்டு வாங்கினார். அவருக்கு ஸ்பூனில் சாப்பிட்டுப் பழக்கமே இல்லை. பாதிப் பொங்கல் சட்டையில்தான் விழுந்தது.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. ஊனத்தின் அளவையும் உதவித்தொகையையும் கூட்டியிருந்தார்கள். தொழிற்சாலையிலும் என்னை மெஷினுக்கு அனுப்பாமல், டப்பாக்களைச் சோதித்துப் பார்க்கும் மேசைக்கு மாற்றினார்கள். இடது கையே போதும். அங்கே தினமும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. ஆரம்பத்தில் வெறும் கிறுக்கலாக இருந்தது. இப்போது ஓரளவுக்கு என் பெயர் மாதிரி தெரிகிறது.