தண்ணீர் ஓட்டிய தையல் மிஷின்

பஞ்சர் கடைக்காரருக்கு வேலையை விட யோசனை அதிகம். சைக்கிள் டியூபில் காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைத் தேடுவது அவர் பிழைப்பு. கை கொஞ்சம் நழுவினால் போதும், டியூப் சடக்கென்று மேலே வந்து மூஞ்சியில் தண்ணீர் அடிக்கும். ஒரு நாள் அப்படி அடித்தபோது மனுஷனுக்குப் பொறி தட்டியது. இந்தத் தள்ளுகிற தள்ளெல்லாம் வீணாகத்தானே போகிறது?

வீட்டில் அவர் மனைவி மிதி மிஷினில் துணி தைப்பவள். மிதித்து மிதித்து முட்டி தேய்ந்து, படியேறும்போதெல்லாம் "அம்மாடி" என்று சுவரைப் பிடிப்பாள். அவளுடைய அண்ணன் மிஷினுக்கு மோட்டார் மாட்டித் தருகிறேன் என்றதும் இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"மோட்டாரும் வேணாம், கரண்டும் வேணாம். தண்ணியே ஓட்டும். இனிமே நீ மிதிக்கவே வேணாம்!"

"பார்ப்போங்க," என்றாள் அவள். அந்தப் 'பார்ப்போம்' எந்த ரகம் என்று கல்யாணமானவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டு மாதம் உயிரைக் கொடுத்து உழைத்தார். ஆள் உயர டிரம் நிறையத் தண்ணீர். சங்கிலியில் கோத்த பந்துகள் அதற்குள் மிதந்து ஏறும், மேலே சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியே இறங்கும், அடியிலுள்ள ஓட்டை வழியாக மறுபடி உள்ளே நுழையும். சக்கரத்திலிருந்து தையல் மிஷினுக்கு ஒரு பெல்ட். ஓட்டை ஒழுகாதிருக்க டியூப் ரப்பரை வெட்டி இறுக்கமாக வாய் கட்டினார். சொட்டுக்கூடக் கசியவில்லை. பஞ்சர் ஒட்டுகிறவருக்கு ஒழுகாவிட்டால் ஜென்மம் சாபல்யம். பந்து எப்படி நுழையும் என்று மட்டும் யோசிக்கவில்லை, புண்ணியவான்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே திரண்டு வந்தது. மச்சான் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மனைவி துணியோடு மிஷினில் உட்கார்ந்தாள். இவர் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை உருவினார்.

சக்கரம் அசையவில்லை.

"என்ன மாப்ள, தண்ணி இன்னும் எந்திரிக்கலையா?" என்றார் மச்சான்.

இவர் குனிந்து, ரப்பர் வாயில் நின்ற பந்தை உள்ளங்கையால் தள்ளினார். டிரம் தண்ணீர் மொத்தமும் எதிர்ப்பக்கம் நின்று தள்ளியது. டியூபை அமுக்கும்போது மணிக்கட்டில் ஏறுமே, அதே வலி. அடக் கடவுளே! மேலே வரும்போது துள்ளுகிற துள்ளெல்லாம் நான் அமுக்கிக் கொடுத்ததுதானா? உள்ளே ஏறுகிற பந்துகள் சம்பாதிப்பது அத்தனையையும், வாசலில் நிற்கிற பந்து நுழைவதற்கே கேட்கிறதே!

அப்போது சக்கரம் சுற்றியது.

"ஓடுது! ஓடுது!" தெரு கத்தியது. மச்சானே எழுந்து கை தட்டினார். இவருக்கு ஒரு நொடி நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகுதான் மிஷினுக்கு அடியில் பார்த்தார். மனைவியின் இரண்டு பாதமும் மிதித்துக்கொண்டிருந்தன. டிரம்மையும் சேர்த்து அவள்தான் இழுத்துக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் வேர்த்து, ஒன்றும் அறியாதவள் போல.

"நிறுத்து," என்றார்.

"சும்மா இருங்க, அண்ணன் பார்க்குது," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவருக்கு அவமானத்தை விட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. பெல்ட்டைப் பிடுங்கி எறிந்தார். சக்கரம் நின்றது.

"தண்ணி ஓட்டலை மச்சான். உங்க தங்கச்சி முட்டிதான் ஓட்டுச்சு. நாளைக்கே மோட்டாரைக் கொண்டாந்துடுங்க."

தெரு சிரித்த சிரிப்பில் டிரம் தண்ணீரே ஆடியிருக்கும். அவர் கண்டுகொள்ளவில்லை. அவளை எழுப்பிப் பக்கத்தில் நிறுத்தித் தானே மிதிக்க உட்கார்ந்தார். துணியை அவள் பிடித்துக்கொண்டாள். ஐந்தே நிமிஷம், முட்டியைத் தடவ ஆரம்பித்துவிட்டார்.

"இதையா தினமும் பண்றே?"

"பதினெட்டு வருஷமா," என்றாள் அவள். "ஒழுங்கா மிதிங்க, தையல் கோணுது."