நிலைக்கல்லில் விழுந்த அடி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மெண்ட் ஐ.டி. பிள்ளைகள் என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வெள்ளானூரைத் தாண்டி, புது மனைப்பிரிவுகளுக்கு நடுவே ஒரு சின்னக் கற்கோயில். சோழர் காலமாம். வாசலில் ஒருவர் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் டோக்கன் கொடுத்தார். கோயிலைவிடச் செருப்பு ஸ்டாண்டு பெரிசு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு என்னைக் கொல்ல வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் எனக்கு வேலை. ஆயில் நாற்றம் சாப்பிடுகிற சோற்றிலும் வரும். இரும்புச் சுருள் சூடாகப் பறந்து வந்து கழுத்தைக் கிழிக்கும். ஃபோர்மேனுக்கு வாயைவிடக் கை நீளம். ஒருமுறை பொறுக்க முடியாமல் நானும் திருப்பி அடித்தேன். அவர் குனிந்துவிட்டார், அடி டிரில்லிங் மிஷினில் பட்டு என் கைதான் வீங்கியது. எனக்கு வாய்த்த வீரம் அவ்வளவுதான்.

பக்கத்து லேத்தில் கன்னியப்பன். வெள்ளானூர்க்காரன். அவன் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள், பட்டறைக்கு வந்த முதல் ஆள் இவன். விரல் ஒவ்வொன்றும் வெண்டைக்காய் முற்றின மாதிரி இருக்கும். அந்த விரல்களைத்தான் அவன் பெரிய சொத்தாக நினைத்தான். லேத்காரனுக்கு வேறென்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

வருஷக்கணக்காக எங்களைத் தற்காலிகம் என்றே வைத்திருந்தார்கள். நிரந்தரமாக்கச் சொல்லி வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தோம். கொஞ்ச நாளில் வயிறு பேச ஆரம்பித்தது. நாலைந்து பேர் திரும்ப வேலைக்கு உள்ளே போகப் போவதாகக் காதில் விழுந்தது. எல்லோரையும் சாமி முன்னால் நிறுத்தி, சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கிவிடலாம் என்று கன்னியப்பன்தான் சொன்னான். எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் முதலாளி ஆட்கள் பார்ப்பார்கள், எங்கள் ஊர் வயலுக்குள் ஒரு பாழுங்கோயில் இருக்கிறது, அங்கே வௌவால்தான் குடியிருக்கிறது என்றான்.

அன்று சாயங்காலம் கூட்டிப்பெருக்க நாங்கள் இரண்டு பேரும் முன்னால் போனோம். வௌவால் புழுக்கை நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. சூடத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே வரப்பில் ஆள் சத்தம். நம் ஆட்கள் என்று எட்டிப் பார்த்தால், ஐந்தாறு தடியன்கள், கையில் இரும்புக் கம்பி. யாரோ போட்டுக்கொடுத்துவிட்டான். யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்தால் இந்த வயதிலும் அவன் சட்டையைப் பிடிப்பேன்.

முதலில் வந்தவன் ஒரே குத்தில் என் முன்பல்லை எடுத்தான். (இப்போது இருப்பது கட்டின பல்.) நான் சுருண்டு மண்டபத்துக்குள் விழுந்தேன். பின்னாலேயே பாயப் போனவர்களை அவர்களுடைய தலைவன் அதட்டி நிறுத்தினான்.

"டேய், செருப்ப உட்டுட்டு போங்கடா. சாமி கீற எடம்."

சத்தியமாகச் சொல்கிறேன், நின்று கழற்றினார்கள். ஒருவன் பக்கிள் வைத்த செருப்பு போட்டிருந்தான், அவனுக்காக மற்றவர்கள் காத்திருந்தார்கள். அந்தப் பக்திதான் எங்களுக்குக் கிடைத்த மூச்சு. கன்னியப்பன் என் காலரைப் பிடித்துக் கருவறைக்குள் தள்ளினான். குனிந்துதான் நுழைய முடியும், அவ்வளவு சின்ன வாசல். அவன் அந்த வாசலை முதுகால் அடைத்துக்கொண்டு, இரண்டு நிலைக்கல்லையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். தொடை, விலா, தோள் என்று வெளியே அடி விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவன் உடம்பு என் மேல் வந்து மோதியது. அவன் கையை எடுக்கவில்லை. அப்புறம் ஒரு கம்பி நேராக அவன் வலது கை மேல் இறங்கியது. பொறி பறந்தது. கல்லும் எலும்பும் ஒன்றாக உடைந்த அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குள் நம் ஆட்கள் வயலில் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். தடியன்கள் வெறுங்காலோடு ஓடினார்கள். பக்கிள்காரன் சேற்றில் விழுந்தான். அவனை அவன் செருப்பாலேயே காது கிழிய அடித்தார்கள். நானும் அடித்தேன், நன்றாகவே அடித்தேன், அதற்கு இன்றும் வருந்தவில்லை. திரும்பி வந்தால் கன்னியப்பன் சட்டையெல்லாம் ரத்தமாகச் சுவரில் சாய்ந்திருந்தான். மூன்று விரல் தொங்கிக்கொண்டிருந்தது.

"நெலக்கல்லு பேந்துகிச்சா பாரு மச்சான். எங்க ஊரு கோயிலுபா."

அழுகையும் கோபமுமாக அவனை அறையலாம் போலிருந்தது எனக்கு.

அந்த ரத்தத்தைப் பார்த்த பிறகு யாரும் உள்ளே போகவில்லை, சூடம் தேவைப்படவில்லை. எல்லோரையும் நிரந்தரமாக்கினார்கள், கன்னியப்பனைத் தவிர. விரல் இல்லாதவனுக்கு லேத்தில் என்ன வேலை என்றார்கள். நாங்கள் சண்டை போட்டு அவனுக்கு கேட்டில் வாட்ச்மேன் வேலை வாங்கிக் கொடுத்தோம். தினமும் அவன் இடது கையால் கதவைத் திறந்துவிட, நிரந்தரத் தொழிலாளியாக நான் உள்ளே போவேன். அது எப்படிப்பட்ட உள்ளே போவது என்று உங்களுக்கே தெரியும்.

வௌவால் நாற்றம் போய் இப்போது கருவறையில் பெயின்ட் வாசனை. கூட வந்த வழிகாட்டிப் பையன் நிலைக்கல்லில் டார்ச் அடித்து, இது ஏதோ படையெடுப்பில் பட்ட அடியாக இருக்கலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தான். இது கன்னியப்பன் கையில் பட்ட அடி என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"அப்படியும் இருக்கலாம் அங்கிள்" என்றான் மரியாதையாக. பிறகு மற்றவர்களிடம், ஒரு புண்ணியவான் திருப்பணிக்குப் பொறுப்பேற்றிருக்கிறார், அடுத்த மாதம் கல்தூளும் பிசினும் குழைத்து இதை அடையாளமே தெரியாமல் அடைத்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே வெளியே கூட்டிப்போனான்.

நான் மட்டும் நின்று அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். என் விரல் மூன்றும் உள்ளே போய், இன்னும் இடம் மிச்சம் இருந்தது. அவன் விரல் அவ்வளவு தடிமன். பட்டறையை இடித்துவிட்டார்கள். கன்னியப்பனும் இரண்டு மழைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டான். அடி மட்டும் இருக்கிறது, அதுவும் அடுத்த மாதம் வரைக்கும்.