கடலுக்கு முன்னால் ஒரு கிணறு: சேக்காடு முதல் திருவேற்காடு வரை

“ஒரே நாள்ல ஸ்கூபா கூட்டிட்டுப் போறாங்களாமே, பயிற்சியெல்லாம் வேண்டாமாமே, போகலாமா?” என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். போகலாம். நானும் அப்படித்தான் போனேன், 1996 ஜனவரியில், அந்தமானுக்கு. என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. அதனால் இந்தப் பதிவு அந்தமானைவிட, அதே வருஷம் ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரிலிருந்து ஒரு கிணற்றுக்குப் போனதைப் பற்றித்தான் அதிகம். மொத்தம் இருபத்திரண்டு கிலோமீட்டர். அவ்வளவு தவிப்போடு நான் எங்கேயும் போனதில்லை.

முதலில் அந்த ஜனவரிக் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வீடு அம்பத்தூர் மேனாம்பேட்டில், வேலை அங்கேயே தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் ஓட்டுவது. சின்ன வயதிலிருந்தே கிணற்றுக் குளியல். எங்கள் செட்டில் கெத்து என்றால் தம் கட்டுவதுதான். யார் அதிக நேரம் தண்ணிக்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறானோ அவன்தான் ராஜா. என் கணக்கு ஒன்றரை நிமிஷம், எவனும் தாண்டியதில்லை. எனக்கெதற்குப் பயிற்சி என்ற திமிர். கூட வந்தவன் ரஃபீக், பூந்தமல்லியில் பம்ப்செட் ரிப்பேர் கடை வைத்திருந்த என் நண்பன். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டி, குழாயை வாயில் கவ்வி மூச்சு விடும் ஸ்கூபாவில் இரண்டு பேர் ஜோடியாக இறங்கி, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அவனுக்கு ஜோடி நான்.

எட்டு மீட்டர் ஆழத்தில், கண்ணையும் மூக்கையும் மூடியிருந்த என் மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்தது. பழக்கதோஷம், மூச்சை இறுக்கிப் பிடித்துவிட்டேன். ஸ்கூபாவில் செய்யவே கூடாத காரியம் அதுதான். சிலிண்டர் காற்றை நெஞ்சில் அடைத்துக்கொண்டு மேலே வந்தால், ஏற ஏற அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். இதைக் காலையில்தான் கைடு சொல்லியிருந்தார், நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. மேலே பாய்ந்தேன். நிறுத்துவதற்காக ரஃபீக் என் காலைப் பிடித்தான். உதைத்தேன். அவன் மாஸ்க் கழன்று போனது, நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைடு புண்ணியத்தில் இரண்டு பேரும் உயிரோடு கரை சேர்ந்தோம்.

ஊர் திரும்பக் கப்பலில் மூன்று நாள். அதைப் பற்றி ரஃபீக் ஒரே தடவைதான் பேசினான். “என்னை வுட்டுட்டுப் போய்ட்டியே மாமே” என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அப்புறம் கடலைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவான்.

முறையாகப் பழகிவிட்டுத்தான் அவனை மறுபடி கூப்பிடுவது என்று மே மாதம் டேவிட்டைத் தேடிப் பிடித்தேன். ஆவடி சேக்காட்டுக்காரன், என்னைவிட எட்டு வயது சின்னவன், துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகத்தைச் சோதிக்கும் முக்குளிப்பாளன். திருவேற்காட்டுப் பக்கம் ஒரு தோட்டக் கிணற்றில் பயிற்சி கொடுத்தான், ஒரு ஞாயிறுக்கு நூற்றைம்பது ரூபாய். என் ஒன்றரை நிமிஷப் பெருமையைக் கேட்டுவிட்டு, “அதான்ணே உனக்கு வியாதியே” என்றான். மருந்தும் சொன்னான்: “மூச்சை வுடும்போது ம்ம்ம்னு முனகிக்கினே வுடு. முனகல் நின்னா தம் கட்டிக்கினேன்னு அர்த்தம்.” பதினோரு ஞாயிறு அதே முனகல், அதே மாஸ்க்கைக் கழற்றுவது, மாட்டுவது, மூக்கால் ஊதி உள்ளே போன தண்ணீரை வெளியேற்றுவது. ஒரே காரியத்தை இரண்டு தடவை செய்யச் சொன்னாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும். பாசியும் இருட்டும் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது? பாதியில் விட்டுவிடலாம் என்று நாலைந்து தடவை நினைத்தேன்.

பன்னிரண்டாவது ஞாயிறு ரஃபீக் வர ஒப்புக்கொண்டான். “வந்து பாக்குறேன். அப்பால சொல்றேன்” என்றான். அன்று அவன் சரி என்றால் அடுத்த ஜனவரியில் மறுபடி அந்தமான். இல்லையென்றால் அதோடு முடிந்தது.

அன்று நாலு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. அம்பத்தூரில் 5.50 மின்சார ரயில், டிக்கெட் இரண்டு ரூபாய், 6.05க்கு ஆவடி. சேக்காட்டுக்குப் பதினைந்து நிமிஷ நடையை ஒன்பது நிமிஷத்தில் ஓடினேன். டேவிட் ஸ்கூட்டரில் இரண்டு சிலிண்டரோடு முன்னால் போய்விட, மூன்றாவதை மடியில் வைத்துக்கொண்டு நான் ஆட்டோவில் ஏறினேன்.

“இன்னா அண்ணாத்தே, கேஸா? வெடிச்சுதுன்னா யாரு பொறுப்பு?” என்றார் ஆட்டோக்காரர்.

“வெறும் காத்துதாங்க.”

“காத்துக்கா இம்மாம் வெயிட்டு?” என்று பத்து ரூபாய் கூட்டி எண்பது கேட்டார். பேரம் பேசும் நிலையில் நான் இல்லை. பூந்தமல்லியில் ரஃபீக்கை ஏற்றிக்கொண்டோம். சலாம் சொன்னான், அவ்வளவுதான். நான்தான் வாய் ஓயாமல் எதையோ உளறிக்கொண்டிருந்தேன்.

7.25க்குக் கிணறு. ஆறு மீட்டர் தண்ணீர். மூன்று பேரும் அடியில் மண்டியிட்டோம். டேவிட் கையைக் காட்டுவதற்குள், முன்னறிவிப்பே இல்லாமல், ரஃபீக் கையை நீட்டி என் மாஸ்க்கைப் பிடுங்கினான்.

கண்ணில் மூக்கில் எல்லாம் தண்ணீர். நெஞ்சு தானாகப் பூட்டிக்கொண்டது. உடம்பு அரை அடி மேலே எழும்பியதை உணர்ந்தேன். செத்தோம் என்று நினைத்தபோதுதான் தொண்டையில் அந்த முனகல் வந்தது. ம்ம்ம். குமிழி போனது, நான் மறுபடி தரைக்கு இறங்கினேன். கையை நீட்டினேன், மாஸ்க் கைக்கு வந்தது. மாட்டி, ஊதி, கண்ணைத் திறந்தால் ரஃபீக் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மறுபடியும் பிடுங்கினான். ஏழு தடவை. எனக்கு எரிச்சல் வரவில்லை, அழுகைதான் வந்தது. தண்ணிக்குள் யாருக்குத் தெரியப்போகிறது?

மேலே வந்து துண்டைப் பிழிந்துகொண்டே, “ஜனவரியில கப்பலு எப்ப மாமே?” என்றான்.

இனி வாசகர் கேட்டதற்கு. ஒரு நாள் சவாரி தப்பில்லை, கைடு பக்கத்திலேயே இருந்தால். ஆனால் கையும் மூச்சும் பழகாதவன் கடலில் பார்ப்பது தன் பயத்தை மட்டும்தான். மாஸ்க் வேலையையும் மூச்சையும் முதலில் நீச்சல் குளத்தில் பழகுங்கள், முறையான பயிற்சியாளரோடு, அலுத்துப்போகும்வரை. சளி இருந்தால் இறங்காதீர்கள். தம் கட்டிப் பழகியவர்கள் இரண்டு மடங்கு நாள் ஒதுக்குங்கள். எங்கள் கிணற்றைத் தேடிப் போக வேண்டாம், அதை மூடி வீடு கட்டியாயிற்று.

1997 ஜனவரி, அதே இடம், அதே எட்டு மீட்டர். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தது, ஊதித் தள்ளினேன், கை தன்பாட்டுக்குச் செய்தது. என் கால் மணிக்கூண்டு ஊசல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்குமென்று வீட்டில் திட்டுவார்கள், அது முதல்முறையாகச் சும்மா இருந்தது. பவளப் பாறை இடுக்கில் ஒரு மீன் தன் முட்டைகளுக்குக் காவல் நிற்பதை, ரஃபீக்கின் முதுகுக்குப் பின்னால் நின்று பத்து நிமிஷம் பார்த்தேன். போன தடவையும் அந்தப் பாறை அங்கேதான் இருந்திருக்கும்.

ரஃபீக் கடைசிவரை எனக்கு முன்னாலேயே இருந்தான். நாற்பத்திரண்டு நிமிஷம், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஜோடியைப் பார்க்காமல் போவதா என்று படகில் கைடு அவனைத் திட்டினார். நானும் கேட்டேன், “ஏன்டா திரும்பியே பாக்கல?”

“பாக்கணுமா இன்னா? நீதான் பின்னாடியே முனகிக்கினு வந்தியே” என்றான்.