முதுகில் பதிந்த சதுரங்கள்

என் முதுகில் முடி அதிகம். சட்டைக் காலருக்கு மேலே எட்டிப் பார்க்கும் அளவுக்கு அதிகம். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நான் சொல்ல வந்த வெட்கம் இது இல்லை. அதைப் போக்க நான் போன வழியும், போய்விட்டு வந்து அடித்த கூத்தும்தான் இன்றைக்கும் என்னைத் தலைகுனிய வைக்கின்றன.

அதற்கு முந்தைய வருடம் என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. கீமோ தொடங்கிய மூன்றாம் வாரமே முடி கொட்ட ஆரம்பித்தது. இடுப்பு வரை தொங்கும் நேரான முடி அவளுக்கு. குளியலறையில் தண்ணீர் போகாமல் அடைத்துக்கொள்ளும் முடியை அவள் கண்ணில் படுவதற்குள் நான் எடுத்துப் போட்டுவிடுவேன். புருவமும் போனது, இமையும் போனது. "முடி என்ன பெருசு, அழகாத்தான் இருக்கே" என்று தினமும் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன் என்று அப்போது நம்பினேன். அந்த நாட்களில் ஒருநாள்தான், இவள் தேறி எழுந்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

அவள் தேறினாள். தீபாவளிக்கு முன்பே கடைசி கீமோ முடிந்தது. கொஞ்ச நாளில் தலையில் பூனை ரோமம் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. பிறகு அது கருத்து, சுருண்டு வளர்ந்தது. "என்னங்க, எனக்குச் சுருட்டை முடி வருது, பாருங்களேன்" என்று கண்ணாடி முன்னால் நின்று கூப்பிடுவாள். இங்கே சிங்கப்பூரில், ஃபேரர் பார்க்கில் ஒரு கடையில் குட்டியாக ஒரு கிளிப் வாங்கி வைத்திருந்தாள். அதைக் குத்தும் அளவுக்கு முடி இன்னும் வரவில்லை. வாரம் ஒருமுறை குத்திப் பார்ப்பாள், அது நழுவி விழும்.

விரதம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் குடும்பத்தோடு கடற்கரையில் தங்கப் போனோம். நான் கடலில் குளித்துவிட்டு வருவதை யாரோ படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டார்கள். அக்கா மகன் அதன் கீழே, "மாமா, ஸ்வெட்டரக் கழட்டிட்டு குளிங்க லா" என்று எழுதினான். எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்ததால் நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தைப்பூசத்தன்று சட்டையில்லாமல் சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவில் வரை நடக்கப்போகிறேன். வழி நெடுக சொந்தக்காரர்கள், ஆபீஸ்காரர்கள், கேமராவோடு சுற்றுலாப் பயணிகள். நாற்பத்து நான்கு வயதில் எனக்கு வந்த கவலையைப் பாருங்கள்.

விரத காலத்தில் சவரம் செய்யக்கூடாது, முடி வெட்டக்கூடாது. தாடி காடாக வளர்ந்தது. அதைத் தொடவில்லை. முதுகு கணக்கில் வராது என்று நானே எனக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, மதிய உணவு நேரத்தில் ஒரு பேரங்காடிக்குப் போனேன். அங்கே லேசர் வைத்து முடி நீக்கும் கடை ஒன்று இருந்தது. கதவைத் தள்ளுவதற்கு முன்னால் கழுத்தில் கிடந்த ருத்ராட்ச மாலையைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

உள்ளே இருந்தது நம் தமிழ்ப் பெண்தான். மலேசியாவில் ஜொகூரிலிருந்து தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவள். ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"வெயில்ல நிக்கிற வேலையா அண்ணே?"

"இல்லம்மா. ஆபீஸ், ஏசி."

"ஏன் கேக்கறேன்னா, பண்ணின பிறகு ரெண்டு மூணு வாரம் முதுகுல வெயிலே படக்கூடாது. நம்ம மாதிரி தோலு சீக்கிரம் கருத்துடும், கொப்புளம் வந்துடும். அப்படி எங்கயும் போற பிளான் இல்லையே?"

"இல்ல."

"தாடி... விரதமா?"

"சேச்சே, சும்மா ஸ்டைலு."

நாக்கூசாமல் சொன்னேன். முதலில் ஓரமாக ஒரு சின்ன இடத்தில் மட்டும் டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் மீதியைச் செய்யலாம் என்றாள். எனக்கு நேரமில்லை, இன்றைக்கே முடித்துவிடு என்றேன். ஒரே தடவையில் முடி போகாது, ஆறேழு தடவை வரவேண்டியிருக்கும் என்றாள். அதற்கும் தலையாட்டிவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

குப்புறப் படுக்க வைத்து முதுகை மழித்தாள். பிறகு குளிர்ந்த ஜெல்லைத் தடவி லேசரை வைத்தாள். "ரப்பர் பேண்ட் சுண்டின மாதிரி இருக்கும். அதுக்கு மேல சுட்டா உடனே சொல்லுங்கண்ணே, குறைச்சுடறேன்" என்றாள். கொஞ்ச நேரத்திலேயே சுட்டது. முடி பொசுங்கும் வாடை மூக்கில் ஏறியது. "ஓகேயா அண்ணே?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். ஓகே என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வலியைத் தாங்குவதும் விரதத்தில் சேர்த்திதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு முருகனை நினைத்தேன். மாலையைப் பைக்குள் ஒளித்து வைத்தவன், அழகுக்காக வாங்கிய சூட்டைச் சாமி கணக்கில் எழுதப் பார்த்தேன். மெஷின்காரி கேட்டது பக்தியை இல்லை, சூட்டின் அளவை. சுடுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைத்திருப்பாள்.

மறுநாள் முதுகு முழுக்கச் சிவந்திருந்தது. இரண்டு நாளில் சிவப்பு கொஞ்சம் தணிந்து, லேசர் வைத்த இடமெல்லாம் தீப்பெட்டி முகப்பளவுக்குச் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தெரிந்தன. கடைக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் தைப்பூசத்துக்கு நடக்காதீர்கள் என்பார்கள். அதனால் கேட்கவில்லை. வீட்டில் பனியனோடு திரிந்தேன். முதுகை மழித்தது காவடிக்கட்டை உரசாமலிருக்க என்று மனைவியிடம் சொல்லிவைத்தேன்.

தைப்பூசத்தன்று காலை பத்து மணிக்குக் காவடியைத் தோளில் ஏற்றினார்கள். அன்றைக்கென்று ஒரு மேகம்கூட இல்லை. சதுரங்களை மறைக்க முதுகில் நானே அப்பிக்கொண்ட சந்தனம் அரை மணி நேரத்தில் காய்ந்து உதிர்ந்தது. காவடியின் பின்கட்டை நடக்க நடக்க உரசியது, வியர்வை அதில் இறங்கியது. என் மனைவி தலையில் துணி கட்டிக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்திலேயே வேல் வேல் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுக்கே அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பில்லை. நடந்தாள்.

டேங்க் ரோட்டில் காவடியை இறக்கியபோதுதான் அவள் என் முதுகைப் பார்த்தாள். கொப்புளங்கள் வரிசை வரிசையாக எழும்பி, சில உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வழியில் இவளிடம் வேண்டுதலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பின்னாலேயே வந்த ஓர் அம்மா, "ஆண்டவன் அடையாளம் போட்டுட்டான் பாரும்மா, உன் நோயை இவரு முதுகுல வாங்கிட்டாரு" என்று சொல்லித் தன் கையிலிருந்த திருநீற்றை என் தோளில் பூசினார். யாரோ படம் எடுத்தார்கள். அன்று மாலைக்குள் அது குடும்பக் குழுவுக்கு வந்துவிட்டது. ஸ்வெட்டர் என்று எழுதியவன் கும்பிடும் கைகளைப் போட்டு "மன்னிச்சிடுங்க மாமா" என்று எழுதியிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் முழுக்க அவள்தான் எனக்கு மருந்து போட்டாள். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு சதுரமாக ஒற்றி எடுப்பாள். கீமோவில் நகமெல்லாம் கருத்துப்போன விரல்கள் அவை. ஒருநாள் காலை அப்படி ஒற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. இது சீக்கிரம் ஆறணும்னு நேந்துக்கிட்டேன். முடி எடுக்கறேன்னு."

"உனக்கே இப்பதான் வளருது. வேணாம்" என்றேன்.

"எனக்காகத்தானே உங்களுக்குப் பொசுங்குச்சு? இது என்ன பெருசு."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அவள் பின்னால் நின்றிருந்தாள், முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி என்பதற்கு மேல் எனக்கு வேறு பெயர் கிடையாது.

உடைந்த இடங்களில் சீழ் வைத்ததும் டாக்டரிடம் போனோம். "என் ஒவ்வொரு அப்பாயிண்ட்மெண்டுக்கும் நீங்க வந்தீங்களே" என்று அவளும் கூடவே வந்தாள். சீன டாக்டர், இளவயதுக்காரர். முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெயில் இப்படிக் கட்டம் கட்டிச் சுடாதே, இங்கே லேசர் ஏதாவது வைத்தீர்களா என்று ஆங்கிலத்தில் சாதாரணமாகக் கேட்டார். நான் நாற்காலியில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். ஆமாம் என்றேன். எப்போது என்றார். தைப்பூசத்துக்குப் பத்து நாள் முன்னால் என்றேன். வெயிலில் போகக்கூடாது என்று அவர்கள் சொல்லவில்லையா என்றார். சொன்னார்கள், நான்தான் பொய் சொன்னேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டே போனார். புண் ஆறிவிடும், ஆனால் கருப்பு மறைய மாதக்கணக்கில் ஆகும், சில இடங்களில் மறையாமலும் போகலாம் என்றார். என் மனைவி மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் ஏதேதோ சொல்லிப் பூசி மெழுகப் பார்த்தேன். அந்தக் கடற்கரைப் படம், எல்லாரும் சிரித்தது. கடையில் அந்தப் பெண் இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம் என்றுகூடச் சொன்னேன். அதற்குத்தான் அவள் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணு விரதமான்னு கேட்டாளா?"

"கேட்டா."

"மாலை?"

"பாக்கெட்ல வச்சிருந்தேன்."

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"முடி என்ன பெருசுன்னு தினமும் சொன்னீங்களே. மொட்டைத் தலையோட தேக்கா மார்க்கெட்டுக்கு வந்தப்போ, யாரு பார்த்தா என்னன்னு கையப் புடிச்சுக்கிட்டு வந்தீங்களே. அதுவும் இந்த மாதிரிதானா?"

இல்லை என்றேன். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. உன் தலையைப் பார்த்து நான் வெட்கப்பட்டதே இல்லை, என் முதுகைப் பார்த்துத்தான் வெட்கப்பட்டேன் என்று விளக்க வந்தேன். அது உண்மைதான். ஆனால் அத்தனை பொய்க்குப் பிறகு அந்த உண்மைக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

புண் ஆற ஒன்றரை மாதம் ஆனது. தோல் வெளுத்த இடம் சில, கருத்த இடம் பல. முடியும் அதன் மேலேயே பழையபடி வளர ஆரம்பித்தது. அதற்குள் அவளுடைய சுருட்டை முடி நெற்றியில் விழும் அளவுக்கு வந்துவிட்டது. கிளிப் நழுவாமல் நின்ற காலை நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, கோவிலுக்குப் போகணும், வர்றீங்களா என்றாள். எதற்கென்று புரிந்தது. கெஞ்சினேன். நடந்தது தெய்வக் குற்றம் என்றால் அது என்னுடையது, நான் எடுக்கிறேன் மொட்டை என்றேன்.

"நீங்க எடுத்தா எடுத்துக்குங்க, அது உங்க பாடு. நான் நேந்தது நேந்ததுதான். நான் சாமிகிட்ட பொய் சொல்லல."

கோவிலில் சீட்டு வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனோம். முடி எடுப்பவர் தமிழ்நாட்டுக்காரர். அவள் கிளிப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தாள். அவர் தண்ணீரைத் தெளித்து, அந்தச் சின்னச் சுருள்களைத் தடவிப் பார்த்துக் கத்தியை நிறுத்தினார்.

"இப்பதான் எடுத்து வளர்ந்த மாதிரி இருக்கே. மறுபடியுமாம்மா? யாருக்கு வேண்டுதல்?"

அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. சொல்லட்டும் என்றும் இருந்தது.

"இவருக்குத்தாங்க" என்றாள். "எனக்காகக் காவடி எடுத்தாரு. முதுகெல்லாம் புண்ணாயிடுச்சு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆறிடுச்சா சார்?"

"ஆறிடுச்சு."

"கொடுத்து வச்சவரு சார் நீங்க" என்று சொல்லிவிட்டுக் கத்தியை அவள் உச்சியில் வைத்தார். அவள் கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஆமாம் என்றேன்.